மேசையைத் தட்டிய கை

கண்டக்டர் என்றால்தான் அவரைத் தொகுதியில் தெரியும். மூன்று முறை சட்டமன்றத்துக்குப் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. 'மாண்புமிகு' என்று யாராவது கூப்பிட்டால், பக்கத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

பஸ்ஸில் வேலை பார்த்த காலத்தில், நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் பாதி வழியில் பின்சீட்டிலேயே பிரசவித்து, பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே கண்ணை மூடினாள். கண்டக்டருக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் வேலையை உதறிவிட்டுக் கட்சியில் சேர்ந்தார். ஊருக்கு ஒரு பிரசவ வார்டு வேண்டும், அவ்வளவுதான் அவருடைய அரசியல். கொள்கை என்ன என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். முதல் தேர்தலில் மண்ணைக் கவ்வினார். அடுத்ததில் ஜெயித்து, அமைச்சர் வீட்டு வாசலுக்குச் செருப்புத் தேய நடந்து, வார்டைக் கொண்டுவந்தே விட்டார். அங்கே பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகின்றன.

வந்த வேலை முடிந்ததும் கிளம்பத் தெரிய வேண்டும். அது எத்தனை பேருக்குத் தெரிகிறது? கண்டக்டருக்கும் தெரியவில்லை.

சபையில் அவருக்குக் கடைசி வரிசை. பேச யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் பஸ் தகரத்தைத் தட்டித் தட்டி உரமேறிய கை அவருடையது. அமைச்சர் பேசி நிறுத்தும்போதெல்லாம் ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்ட வேண்டும் அல்லவா? அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவு போடுகிற கொறடா, ஒருநாள் அவர் தோளில் கைபோட்டு, "அண்ணே, நீங்க தட்டினாத்தான் சபையே களைகட்டுது" என்றார். கண்டக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போன தேர்தலில் அவருக்கு சீட் கிடைத்ததே அந்தக் கைக்காகத்தான் என்று கட்சிக்குள் கேலி உண்டு. பேச்சைக் காதில் வாங்குவதை எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியாது. குரல் ஏறி இறங்கினால் போதும், கை தானாகப் போகும்.

அன்றும் போனது. சுகாதார அமைச்சர் சிக்கனம், சீரமைப்பு என்றெல்லாம் சுற்றி வளைத்து, சிறிய பிரசவ வார்டுகளை மூடி நகரத்து ஆஸ்பத்திரிகளோடு சேர்க்கப்போவதாக வாசித்தார். ஊர்ப் பெயர்களைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினார். கண்டக்டர் தட்டினார், பலமாகவே தட்டினார்.

பக்கத்து இருக்கைக்காரர் குனிந்தார். "என்னண்ணே இது? உங்க ஊர் வார்டை மூடுறேங்கிறாங்க, நீங்களே தட்டுறீங்க?"

தூக்கிய கை அப்படியே நின்றது. நிகழ்ச்சி டிவியில் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது.

சனிக்கிழமை ஊருக்கு வந்தார். தெருவில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. மனைவி தன் தையல் கடையில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தும் மெஷினை நிறுத்தவில்லை.

"சத்தியமா காதுல விழல. நம்ம ஊர் பேர்னு தெரிஞ்சிருந்தா தட்டியிருப்பேனா?"

இப்போது மெஷின் நின்றது. "வேற ஊர் பேர்னா தட்டலாமா?"

அவர் கீழே கிடந்த துணித் துண்டை எடுத்து மடித்தார்.

"போன வருஷம் எங்கேயோ பள்ளிக்கூடங்களை மூடுறேன்னாங்க. அப்பவும் தட்டினீங்க. நான் இங்க உக்காந்து, 'பாருங்க, எங்க வீட்டுக்காரர்'னு கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் காட்டினேன்." அவள் குரல் உடைந்தது. "உங்களை மட்டும் சொல்லலைங்க. என்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

அதற்கு அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை வார்டுகளை மூடும் தீர்மானத்தின் மேல் ஓட்டெடுப்பு. கொறடா தாழ்வாரத்திலேயே மடக்கினார். "அண்ணே, உத்தரவை மீறினா பதவி போயிடும். வார்டு எப்படியும் போகத்தான் போகுது. பதவியாவது இருந்தா நாளைக்கு வேற எதையாவது கேட்டு வாங்கலாமில்ல?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அதனால்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் பேரவைத் தலைவர். முன்னும் பக்கமும் ஆளுங்கட்சிக்காரர்கள் எல்லாரும் எழுந்தார்கள். கண்டக்டர் எழவில்லை. முன்வரிசையிலிருந்து கொறடா திரும்பிப் பார்த்துக் கண்ணை உருட்டினார். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு பலம் வேண்டுமா என்று அவருக்கு வியர்த்துக் கொட்டியது. எதிர்ப்பவர்கள் எழலாம் என்றபோது எழுந்து நின்றார். ஆளுங்கட்சிப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். தீர்மானம் சுலபமாக நிறைவேறியது. மேசைகள் அதிர்ந்தன. தட்டியவர்களில் வார்டை இழந்த வேறு ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.

பதவி போயிற்று. வார்டும் போயிற்று. கட்டில்களை லாரியில் ஏற்றிய அன்று கண்டக்டர் போய் வாசலில் நின்றார். அவர் எதிர்த்து நின்றதைச் சிலர் மெச்சினார்கள், சிலர் நாடகம் என்றார்கள். தட்டியதை மட்டும் யாரும் மறக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு நிறைமாதப் பெண் அவர் முன்னால் வந்தாள். அவள் கோபப்படவில்லை. வழி கேட்பவள் மாதிரித்தான் கேட்டாள்.

"அண்ணே, எனக்கு இந்த மாசம். நான் எங்க போகட்டும்?"

இத்தனை வருட அரசியலில் எது கேட்டாலும் "பாத்துக்கலாம்மா" என்று சொல்லிப் பழகிய வாய். அன்று அந்த வார்த்தை வரவில்லை.

"தெரியலம்மா" என்றார்.