ஒப்புதலைத் திரும்பக் கேட்டவர்

திருகோணமலை நீதிமன்றத்துக்கு எதிரே நான் மனுக்கள் தட்டச்சுச் செய்துவந்த காலத்தில், கட்டைபறிச்சானிலிருந்து ஒரு துறைமுகத் தொழிலாளி வந்தார். உயரமானவர், வெயிலில் கறுத்த முகம். கப்பல் கயிறு திருடியதாக ஒப்புக்கொண்டு மூன்று மாதம் மறியலில் அடைபட்டிருந்தவர். தான் எடுக்கவேயில்லை, அந்த ஒப்புதலை ரத்துச் செய்யவேண்டும் என்றார்.

“எடுக்காததை ஏன் ஒப்புக்கொண்டனீங்கள்?”

“எடுத்தனியோ எண்டு எனக்காகக் கோட்டில பேச வந்த பிரக்கிராசியார் ஒருக்காலும் கேக்கேல்லை, தம்பி. குற்றவாளி எண்டு சொல்லு, இண்டைக்கே வீட்ட போகலாம் எண்டார். நம்பிச் சொன்னனான்.”

நான் தட்டச்சுச் செய்த மனுவின் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பெருவிரல் அடையாளம் வைத்தார்.

மனு தள்ளுபடியானதை நான்தான் அவருக்குச் சொன்னேன்.

“நான் எடுக்கேல்லை எண்டு அதில கிடக்குதுதானே? ஒரு பிரதி தாங்கோ.”

வாங்கியதை மடிக்காமல் பிடித்தபடி மூதூர் போகும் லோஞ்சுப் படகைப் பிடிக்க நடந்தார். எழுத்துத் தெரியாத அவர் அதை யாரைக் கொண்டு வாசிப்பித்தாரோ, எனக்குத் தெரியாது.