புகை கூடாது என்று கேட்டவள்

அந்த மலையில் சிகரெட் கூடாது என்று முதன்முதலில் எழுதிக் கொடுத்தவள் அனார்குல். இன்றைக்கும் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பாராட்டாக அல்ல, இன்னாருடைய மாடு இன்னாருடைய பயிரை மேய்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

இஸ்ஸிக்-குல் ஏரிக்குக் கிழக்கே, பனிச்சறுக்கு மலையின் அடிவாரத்து ஊர் அவளுடையது. வேலைக்கென்று ரஷ்யாவுக்குப் போன புருஷன் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். ஒரே மகள் ஐஸிரெக். பதினான்கு வருஷமாக அனார்குலுக்கு நாற்காலி லிஃப்டின் மேல் நிலையத்தில் வேலை. மேலே வந்து சேர்கிறவர்களில் இறங்கத் தெரியாமல் தடுமாறுகிறவர்களைக் கைபிடித்து இழுத்து ஓரமாக்க வேண்டும். யாராவது விழுந்தால், அடுத்த நாற்காலி வந்து மண்டையில் இடிப்பதற்குள் பித்தானை அழுத்தி லிஃப்டை நிறுத்த வேண்டும். ஐம்பத்தொரு வயதிலும் அவள் பிடி இரும்புப் பிடி.

கீழிருந்து மேலே வரப் பதினான்கு நிமிஷம் ஆகும். ஒரு சிகரெட்டுக்கென்றே அளவெடுத்தது போன்ற நேரம். பழைய ஆட்களுக்கு இதில் ஒரு முறை இருந்தது. பக்கத்தில் தெரியாதவர் உட்கார்ந்திருந்தால் கேட்டுவிட்டுத்தான் பற்றவைப்பார்கள். வயதில் மூத்தவராக இருந்தால் கேட்கக்கூட மாட்டார்கள், பையிலிருந்து எடுக்கவே மாட்டார்கள். ஊதி முடித்த துண்டை அணைத்து ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொள்வார்கள். நகரங்களிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த முறையெல்லாம் கிடையாது. கீழே வெறும் பனிதானே என்று சுண்டிவிடுவார்கள்.

லிஃப்டின் மெக்கானிக் ஜோல்சு. சோவியத் காலத்து லிஃப்ட் அது. அதற்கு எந்தப் பாகமும் எந்தக் கடையிலும் கிடைக்காது. உடைந்த டிராக்டரிலிருந்தும் லாரியிலிருந்தும் இரும்பைக் கழற்றிக் கடைந்து பொருத்தி, அதை ஓட வைத்துக்கொண்டிருந்தவன் அவன்தான். ஒன்று அணைவதற்குள் இன்னொன்று என்று ஊதித் தள்ளுகிறவன். ஆனால் அனார்குல் அவனைவிட இரண்டு வயது மூத்தவள், அவனுக்கு அவள் எஜே, அதாவது அக்கா. அவள் இயந்திர அறைப் பக்கம் வந்தால் சிகரெட் அவன் உள்ளங்கைக்குள் திரும்பிவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு பேசுவான். மூக்கு வழியே புகை கசியும். அவள் பார்க்காத மாதிரி நிற்பாள். சில நாள் வேண்டுமென்றே பேச்சை இழுத்துவிட்டு, "கை வெந்துடும், நான் கிளம்புறேன்" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போவாள்.

ஐஸிரெக்குக்கு அப்போது இருபது வயது. லிஃப்டின் அடியில் இருக்கும் சரிவில் குழந்தைகளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஜனவரி மாதம், குனிந்து ஒரு குழந்தையின் காலணியை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது, மேலே போன நாற்காலி ஒன்றிலிருந்து அணையாத துண்டு ஒன்று அவள் குல்லாவுக்கும் கழுத்துப்பட்டைக்கும் நடுவே விழுந்தது. நைலான் உருகிக் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுக்கும்போது தோலும் சேர்ந்து வந்தது. காதுக்குக் கீழிருந்து தோள்வரை தழும்பு நின்றது. அதே சமயத்தில் பேசி முடித்திருந்த கல்யாணம், எந்தக் காரணமும் சொல்லப்படாமல் நின்றுபோனது.

போட்டது யார் என்று தெரியவில்லை. அந்த நேரம் மேலே போய்க்கொண்டிருந்தவர்கள் முப்பது பேர். ஒவ்வொருவரையும் அனார்குலே கைபிடித்து இறக்கியிருந்தாள். அந்தக் கைகளில் ஒன்றுதான் அது என்ற நினைப்பு அவளை வெகுநாள் விடவில்லை.

அதன் பிறகுதான் அவள் கடிதம் எழுதினாள். லிஃப்டில் யாரும் புகைக்கக்கூடாது என்று விதி வேண்டும் என்பதுதான் அதில் இருந்தது. கையெழுத்துக்காக முதலில் ஜோல்சுவிடம் போனாள். ஊதுகிறவனிடமே வாங்கிவிட்டால் மற்றவர்கள் மறுக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஜோல்சு கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கிப் படித்தான். "நான் ஊதுறவன்தான் எஜே. ஆனா நாற்காலியில உக்காந்து ஊதிட்டுக் கீழ போடுறது, அடுத்தவன் தலையில காறித் துப்புற மாதிரி. பேனா குடுங்க" என்றான்.

கடிதம் ஒன்றரை வருஷம் ஏதோ ஒரு மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. பிறகு மலை கைமாறியது. புதிய முதலாளிகள் எர்லிஸ் என்ற மேலாளரை அனுப்பினார்கள். முப்பத்திரண்டு வயது, வெளிநாட்டில் படித்தவன், எல்லோரிடமும் பணிவாகப் பேசுகிறவன். வெளிநாட்டு விருந்தாளிகள் சுத்தமான மலையைத்தான் தேடி வருகிறார்கள் என்று சொல்லி, இழுப்பறையிலிருந்த கடிதத்தை எடுத்துச் சட்டம் போட்டு அலுவலக வாசலில் மாட்டினான். 'எங்கள் பணியாளர்களின் விருப்பப்படி' என்று அதற்கு மேலே எழுதியிருந்தது. கம்பத்துக்குக் கம்பம் 'புகை கூடாது' என்ற பலகை ஏறியது. கேட்டது லிஃப்டுக்கு மட்டும். வந்ததோ மலை முழுவதற்கும். விருந்தாளிகளுக்கென்று மேல் உணவகத்தை ஒட்டிக் கண்ணாடிச் சுவரும் ஹீட்டரும் வைத்து ஒரு புகைக்கும் அறை கட்டினார்கள். பணியாளர்களுக்கு எங்கும் இடமில்லை. பிடிபட்டால் அன்றைக்கே வேலை போகும் என்ற தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜோல்சுவும் போட்டான்.

அனார்குலுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. வாசலில் மாட்டியிருந்த கடிதத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். ஐஸிரெக் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் துப்பட்டாவைக் கழுத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். எர்லிஸ் அனார்குலுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டை கொடுத்தான். விதியை மீறுகிறவர்களைத் தொலைபேசியில் படம் எடுத்து அவனுக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாளும் படம் இல்லாமல் போகக்கூடாது.

அவள் அனுப்பினாள். எல்லாம் விருந்தாளிகளின் படங்கள். எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் மேலே வந்துகொண்டிருந்த நாற்காலியில் ஒருவன் சாவகாசமாக ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, பித்தானை அழுத்தி லிஃப்டை நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கியில் அணைக்கச் சொன்னாள். அவன் நாற்காலியின் மெத்தையிலேயே தேய்த்து அணைத்தான். அன்று எர்லிஸ் அவளைக் கூப்பிட்டு, லிஃப்டை நிறுத்துவது ஆபத்துக்கு மட்டும்தான் என்றான். விருந்தாளியை நாலு பேர் முன்னால் தட்டிக்கேட்பது நம் பழக்கமா என்றான். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கண்ணுல பட்டாலும் படாத மாதிரி இருங்க எஜே. படத்தை மட்டும் எனக்கு அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்" என்றான்.

பிப்ரவரியில் ஒரு நாள் காற்று பேயாக அடித்தது. ஏழாவது கம்பத்தின் சக்கரத்தில் பனி இறுகி, எஃகு வடம் இரண்டு விரற்கடை விலகிவிட்டது. லிஃப்ட் நின்றது. நாற்பது பேர் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜோல்சு கம்பத்தில் ஏறினான். கையுறையோடு திருகாணி பிடிபடவில்லை என்று கையுறையைக் கழற்றிக் கீழே போட்டான். ஒன்றரை மணி நேரம் வெறுங்கையால் பனியைக் கொத்திக் கொத்தி, வடத்தைத் தடத்தில் உட்கார வைத்தான். நாற்பது பேரும் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒரு குழந்தையை அனார்குல் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டுபோய் உணவகத்தில் விட்டாள்.

திரும்பி வரும்போதுதான் அதைப் பார்த்தாள். வெள்ளை ஜாக்கெட் போட்ட விருந்தாளி ஒருவன் கண்ணாடி அறையைத் தாண்டி நடந்துவந்து, இயந்திர அறையின் சுவரோரம் டீசல் பீப்பாய்கள் வைத்திருந்த இடத்தில் நின்று ஊதிக்கொண்டிருந்தான். பீப்பாய்க்கு அருகிலேயே துண்டைச் சுண்டினான். அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. தொலைபேசியை எடுத்து ஒரு படம் எடுத்தாள், வேறு பக்கம் திரும்பாமல் ஓடிப்போய் அந்தத் துண்டை மிதித்து அணைத்தாள், எடுத்த படத்தைச் சரியாகப் பார்க்காமல் அப்படியே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை அடிவாரத்து அறிவிப்புப் பலகைக்கு முன்னால் கூட்டமாக நின்ற பணியாளர்கள் அவளைக் கண்டதும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். பலகையில் ஒரு படம் ஒட்டியிருந்தது. சுவரோரமாகக் குந்தியிருக்கிறான் ஜோல்சு. வீங்கிய விரல்களுக்கு நடுவே சிகரெட், முட்டிமேல் திறந்த தகர டப்பா. கீழே அவன் பெயரும், வேலையிலிருந்து நீக்கப்பட்ட செய்தியும். அதற்கும் கீழே, 'படம் எடுத்து உதவியவர்: அனார்குல்.'

அவள் தன் தொலைபேசியை எடுத்துப் பார்த்தாள். படத்தின் நடுவில் வெள்ளை ஜாக்கெட்காரன். இடது ஓரத்தில், அவள் பார்க்கத் தவறிய மூலையில், ஜோல்சு. நடுவை வெட்டி எறிந்துவிட்டு ஓரத்தை மட்டும் ஒட்டியிருந்தார்கள்.

எர்லிஸ் அவளை உட்காரச் சொல்லி, தேநீரும் ஊற்றினான். அவள் உட்காரவில்லை.

"முழுப் படம் இதுல இருக்கு. பாருங்க."

"தெரியும் எஜே. நீங்க அனுப்புனதுதானே."

"அப்ப இந்த ஆளு? டீசல் பீப்பாய் பக்கத்துல போட்டான். பத்திக்கிட்டிருந்தா?"

"அவர் முதலாளியோட மச்சான். அவர்கிட்ட நான் பக்குவமாச் சொல்லிட்டேன்."

"ஜோல்சு ஒன்றரை மணி நேரம் வெறுங்கையோட மேல நின்னான். நாப்பது உசிரு."

"அதுக்கு நன்றி சொல்லித்தான் அவரோட வேலை நீக்கக் கடிதத்தையே ஆரம்பிச்சிருக்கேன்" என்றான் எர்லிஸ். அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அப்படி எழுதியிருந்தான். "விதின்னா எல்லாருக்கும்தானே எஜே? நீங்க கேட்ட விதிதான். முதல் கையெழுத்து உங்களோடது, ரெண்டாவது அவரோடது. வாசல்ல மாட்டியிருக்கு."

அன்றைக்கே அவள் ஜோல்சுவின் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி துர்துகான் கதவை முழுதாகத் திறக்கவில்லை. வந்தவரை வெறுவாயோடு அனுப்பக்கூடாது என்பதால் ஒரு ரொட்டியை எடுத்துவந்து வாசலிலேயே நீட்டினாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. அனார்குல் ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஜோல்சு வெளியே வந்தான். விரல்களில் துணி சுற்றியிருந்தது. அந்த விரல்களாலேயே சிகரெட்டைப் பற்றவைத்து, அவள் முகத்துக்கு நேராக நின்று இழுத்து, மறைக்காமல், திரும்பாமல், நிதானமாகப் புகையை விட்டான். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அவள் முழுப் படத்தைக் காட்டினாள். அவன் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"அவனைப் படத்துலருந்து எடுத்துட்டாங்க. என்னை வேலையிலருந்து எடுத்துட்டாங்க. அவ்வளவுதானே எஜே."

"சத்தியமா நீ அங்க இருந்ததை நான் பாக்கல ஜோல்சு."

"அதைத்தான் சொல்றேன். அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்திருக்கலாம்."

அவள் தொலைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

அவளால் முடிந்ததைச் செய்தாள். டவுனில் இருந்த படக்கடையில் முழுப் படத்தையும் பெரிதாக எடுத்துவந்து, அறிவிப்புப் பலகையில் பழைய படத்தின்மேல் ஒட்டினாள். அரைமணி நேரம்தான் இருந்தது. எர்லிஸ் கோபப்படவில்லை. ஆரஞ்சு மேல்சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, இனிமேல் குளிரில் நிற்க வேண்டாம், உள்வேலை பாருங்கள் என்றான். உள்வேலை என்றால் அந்தக் கண்ணாடி அறை. விருந்தாளிகளின் சாம்பல் கிண்ணங்களைக் கொட்டிக் கழுவி வைக்க வேண்டும். மகளின் கழுத்துக்குத் தலைநகர் பிஷ்கெக்கில் இன்னும் இரண்டு அறுவைச் சிகிச்சை பாக்கி இருந்தது. அனார்குல் சரி என்றாள்.

மார்ச்சில் ஜோல்சு ரஷ்யாவுக்குப் போனான். ஏதோ கிடங்கில் சரக்குத் தூக்குவதாகக் கேள்வி. அவன் இடத்துக்கு நகரத்திலிருந்து வந்தவன் சான்றிதழ்கள் நிறைய வைத்திருந்தான். முதல் காற்றிலேயே லிஃப்ட் நின்றது. பாகம் எங்கே கிடைக்கும் என்று அவன் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தான். அலுவலகத்திலிருந்து ஜோல்சுவுக்குப் பலமுறை கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவன் எடுக்கவில்லை. பனி நன்றாக இருக்கும்போதே பருவம் மூன்று வாரம் முன்னதாக முடிந்தது. கூலிக்கு நின்றவர்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊரில் யாரும் எர்லிஸைத் திட்டவில்லை. அவன் வெளியூர்க்காரன், மேலே இருக்கிறவன் அப்படித்தான் இருப்பான் என்று விட்டுவிட்டார்கள். அனார்குல் உள்ளூர்க்காரி. கடைக்குப் போனால் பேச்சு நின்றது. பணியாளர்களை மலைக்கு ஏற்றிப்போகும் வண்டியில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. முழுப் படத்தை எத்தனையோ பேரிடம் காட்டினாள். எல்லோரும் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். அதற்குப் பிறகும் சொன்னதையேதான் சொன்னார்கள்.

அடுத்த குளிர்காலம் வேலை தொடங்குவதற்கு முதல்நாள், ஐஸிரெக் அடுப்பருகே உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மலைக்கு அவள் திரும்பப் போகவில்லை. தையல் வேலை பார்த்தாள்.

"நாளைக்குப் போகாதீங்கம்மா. என் கழுத்து இப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"நான் போகலேன்னா அந்தச் சாம்பலை யாரு அள்ளுவா?"

"யாராவது."

"அந்த யாராவதும் நம்ம தெருக்காரியாத்தான் இருப்பா" என்றாள் அனார்குல். "அவளைப் படம் எடுக்கவும் என்னை மாதிரி ஒருத்தி வருவா."

காலையில் முதல் வண்டிக்கே அவள் போய் நின்றாள்.