துடக்கு வீட்டிலிருந்து ஒரு போட்டிக்கு

என் கணவரின் அண்ணன் மாசி மாதத்தில் செத்துப்போனார். என் மகளுக்கு அவர் பெரியப்பா. கல்யாணம் கட்டாதவர், பனி கொட்டும் இந்த வெளிநாட்டு நகரத்தில், கோட்-டெ-நெய்ஜில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். துறைமுகத்தில் கொள்கலன் இறக்கும் இடத்தில் வேலை. ஒரு பின்னேரம் வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தவர் பிறகு எழும்பவில்லை. நான் ஆசுபத்திரியில் நோயாளிகளைத் தூக்கிக் கிடத்துகிற வேலை செய்பவள். எத்தனையோ பேரின் கடைசி மூச்சுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தேத்தண்ணி ஆறுது, எழும்புங்கோ" என்றேனாம். மகள்தான் பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

முப்பத்தோராம் நாள் வரைக்கும் எங்கள் வீட்டில் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு. கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, அடுப்பில் மச்சம் மாமிசம் இல்லை. அவருடைய படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். என் கணவர் கொள்ளி வைத்தவர் என்பதால் முகம் வழிக்கவில்லை. இங்கே கொள்ளி என்பது தகன உலையின் பொத்தானை அமத்துவதுதான். ஆனாலும் அமத்திய விரலை அவர் நாள் முழுக்க மற்றக் கையால் பொத்தி வைத்திருந்தார்.

அந்த நாட்களுக்குள்தான் மகளின் சியர்லீடிங் போட்டி வந்து விழுந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முன்பெல்லாம் மைதான ஓரத்தில் நின்று, விளையாடுகிறவர்களுக்காகக் கத்திக் குதிப்பார்களே, அதிலிருந்து கிளம்பி இப்போது தனிப் போட்டியாகவே நடக்கிறது. பாட்டுப் போடுவார்கள். பெண்பிள்ளைகள் குட்டிக்கரணம் அடிப்பார்கள். மூன்று பேர் சேர்ந்து ஒருத்தியைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்துவார்கள், எறிவார்கள், பிடிப்பார்கள். நடுவர்கள் புள்ளி போடுவார்கள். மேலே நிற்பவளைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். என் மகள் கீழே நிற்பவள். கொண்டையில் பெரிய ரிப்பனும் கண்ணில் மினுக்கமும் வைத்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்க வேண்டும். பெரியப்பா உயிரோடு இருந்தவரை நான் அதைக் "குதியாட்டம்" என்றுதான் சொல்லுவேன். அவளும் கோபிக்க மாட்டாள்.

நகரத்தின் மற்றப் பக்கம், இல்-பிசாரில் இருக்கும் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, போன் எடுத்தார்.

"போட்டி எண்டு கேள்விப்பட்டன். உண்மையோ?"

"ஓம் மச்சாள்."

"என்ர பிள்ளை அரங்கேற்றத்தையே நிப்பாட்டிப்போட்டுது. மண்டபம் எடுத்தாச்சு, அழைப்பும் அடிச்சாச்சு, மாமா செத்திட்டார் எண்டு சலங்கையைக் கழட்டி வச்சிட்டாள். உன்ர பிள்ளை அரைப் பாவாடையோட ஆடப் போகுதோ?"

"அது ஆட்டமில்லை மச்சாள். விளையாட்டு."

வாய் முந்திவிட்டது. நான் அதை நம்பிச் சொல்லவில்லை. அவருக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொன்னேன். மச்சாளையும் குறை சொல்ல முடியாது. தம்பியைப் பறிகொடுத்தவர். அந்தப் பிள்ளை சலங்கையை மடியில் வைத்து அழுததை நானும் பார்த்தேன். ஆனால் செத்தவீடு முடிந்த கிழமையே மச்சாளின் மகன் பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹொக்கி பயிற்சிக்குப் போனான். அதை ஒரு குருவிகூடக் கேட்கவில்லை. ஹொக்கி விளையாட்டு, துடக்கு அதைத் தொடாது. பள்ளிக்கூடச் சோதனையையும் வேலையையும் தொடாது. ஆட்டத்தைத் தொடும். ஆகவே என் பிள்ளை செய்வது விளையாட்டா ஆட்டமா என்பதில்தான் எல்லாம் தங்கி நின்றது. மற்ற வீடுகளில் இதைச் சும்மா பொழுதுபோக்குக்கு வாதாடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு படமும் விளக்கும் பார்த்துக்கொண்டிருக்க வாதாடினோம்.

அன்றிரவு புட்டும் பருப்பும். கணவர் சாப்பிடாமல் விரலால் கிளறிக்கொண்டிருந்தார். இளமையில் மட்டக்களப்பில் உதைபந்தாட்டம் ஆடியவர். விளையாட்டு என்றால் அவருக்கு ஒரு கணக்கு உண்டு.

"பந்து எங்க?" என்றார்.

"நீச்சலுக்குப் பந்து இருக்கோ?" என்றாள் மகள்.

"அதில ஆர் முந்துறது எண்டு கண்ணால காணலாம். இதில ஆரோ இருந்து மார்க்ஸ் போடுறாங்கள். எதிர்ப்பக்கம் எண்டு ஒண்டு வேணாமோ?"

"மேல நிக்கிறவளை நாங்கள் விட்டால் தெரியும் அப்பா, எதிர்ப்பக்கம் ஆரெண்டு. தரை."

"பாட்டுப் போட்டு, மினுக்கம் பூசி, சிரிச்சுக்கொண்டு. துடக்கு வீட்டுப் பிள்ளை சிரிச்சுக்கொண்டு நிக்கிறதோ?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினாள். போகும்போது மெல்லச் சொன்னாள்: "நான் போகாட்டி அவளுக்குக் கீழ ஆளில்லை. புதுப் பிள்ளையைப் போட்டால் அவள் பயப்படுவாள். பயந்தால் விழுவாள்."

கணவர் என்னைப் பார்த்தார். "விளையாட்டெண்டால் போகட்டும். ஆட்டமெண்டால் வேண்டாம். நீ போய்ப் பார்த்திட்டு வந்து சொல்லு."

நல்ல வேலை கொடுத்தார். எட்டு வருசமாக அவளைப் பயிற்சிக்கு ஏற்றி இறக்கியது பெரியப்பாதான். நான் வேலை வேலை என்று உள்ளே எட்டிப் பார்த்ததே இல்லை. மெட்ரோவும் பஸ்ஸும் பிடித்து அவளோடு போனேன். பழைய சரக்குக் கிடங்கு ஒன்றுக்குள் நீல நிற மெத்தை விரித்திருந்தார்கள். கால் வியர்வை மணத்தது. ரிப்பனும் இல்லை, மினுக்கமும் இல்லை. ஓரத்தில் கிடந்த வாங்குப் பலகையில் இருந்தேன்.

மூன்று பிள்ளைகள் குந்தினார்கள். ஒருத்தி அவர்களின் உள்ளங்கைகளில் கால் வைத்தாள். என் மகள் வாய்க்குள் எண்ணினாள். மூன்று பேரும் ஒரே மூச்சில் நிமிர்ந்தார்கள். நாங்களும் ஆசுபத்திரியில் அப்படித்தான், இரண்டு பேர் எண்ணிச் சேர்ந்து தூக்குவோம். முதுகால் அல்ல, தொடையால். ஆனால் எங்கள் நோயாளி படுத்திருப்பார். இவர்களுடைய பிள்ளை ஒற்றைக் காலில், கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் ஆட ஆட, மகளின் மணிக்கட்டு அதற்கேற்ற மாதிரித் திரும்பியது. கண் மேலேயே இருந்தது. பயிற்சி முடியும் வரைக்கும் அவள் என்னை ஒருதரமும் பார்க்கவில்லை. உடுப்பு மாற்றும்போது அவள் தோளில் பழுத்ததும் புதிதுமாய்க் கன்றல்களைக் கண்டேன். அவ்வளவு நாளும் ஏன் குளிரிலும் வெயிலிலும் எப்போதும் கழுத்து மூடிய சட்டை போடுகிறாள் என்று நான் யோசித்ததில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்: "என்ன?"

"எனக்குத் தெரியேல்லை" என்றேன். "பாட்டு இருக்கு. சிரிப்பும் இருக்கு. ஆட்டமெண்டும் சொல்லலாம். ஆனா மேல நிக்கிற பிள்ளை கீழ பார்க்கிறதே இல்லை. எங்கட பிள்ளை நிப்பாள் எண்டு நம்பித்தான் கால் வைக்கிறாள்."

அவர் எழும்பி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். "அப்ப போகத்தானே வேணும்" என்றார்.

போட்டியன்று அவரே எங்களை ஏற்றிக்கொண்டு போனார். ஆனால் உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டார். கொள்ளி வைத்தவன் பாட்டுக் கச்சேரிக்கு வந்த மாதிரி இருக்கக்கூடாதாம். வாகனத்துக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருந்தார். மனிதர் சம்மதம் சொல்லிவிட்டாரே தவிர மனம் வரவில்லை என்று எனக்குக் கோபம். கதவை அடித்துச் சாத்திவிட்டுத்தான் போனேன்.

உள்ளே காது கிழிகிற சத்தம். எங்கள் பிள்ளைகளின் முறை வந்தது. ரிப்பனும் மினுக்கமுமாய் என் மகள் ஓடி வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நின்றாள். திரும்பிப் பார்த்தால், பின்வாசல் பக்கத்தில், பனிச்சட்டையைக் கழற்றாமல், வழிக்காத தாடியோடு என் கணவர் நிற்கிறார். எப்போது வந்தார் என்று தெரியாது.

முதல் தூக்கு நன்றாகப் போனது. இரண்டாவதில் மேலே நின்றவளின் கால் சறுக்கியது. அவள் பின்பக்கமாகச் சரிந்தாள். மற்ற இரண்டு பிள்ளைகளின் கையும் நழுவிவிட்டது. என் மகள் விலகவில்லை, உள்ளே புகுந்தாள். விழுந்தவளை நெஞ்சில் ஏந்தினாள். அந்தப் பிள்ளையின் முழங்கை மகளின் கன்னத்தில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது போலிருந்தது. விழுந்த பிள்ளையின் தலை மெத்தையில் படவே இல்லை. இறக்கி நிறுத்தி, எண்ணி, பாட்டோடு சேர்ந்து, திரும்பவும் தூக்கினார்கள். ஒரு பக்கக் கன்னம் வீங்கிக்கொண்டு வர, மகள் சிரித்தாள்.

விழுந்ததற்குப் புள்ளி போய்விட்டது. கடைசிக்குப் பக்கத்தில்தான் வந்தார்கள். வெளியே வந்தபோது கன்னத்தில் ஐஸ் பையைப் பிடித்திருந்தாள். கணவர் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு நோவோட ஏன் சிரிச்சனி?"

"சிரிக்காட்டி அவள் பயந்திடுவாள் அப்பா. திரும்ப ஏற மாட்டாள்."

அவர் அவளுடைய உடுப்புப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். மச்சாளுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் கேட்டேன். "அக்காவோட நான் கதைக்கிறன்" என்றார்.

வழியில் பனி கொட்டியது. வாகனங்கள் ஊர்ந்தன. பின்சீட்டில் மகள் நித்திரை என்று நினைத்தேன். அவள் கதைத்தாள்.

"அப்பா, அண்டைக்குப் பெரியப்பான்ர பெட்டியை நானும் தூக்கியிருப்பன்."

செத்தவீட்டன்று வேலைநாள். வந்த ஆண்கள் குறைவு. சவப்பெட்டிக்கு ஆறு கைப்பிடி. எங்கள் ஆட்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் கை நடுங்குகிற கிழவர். ஆறாவது கைப்பிடியைச் சவச்சாலையில் வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் வந்து பிடித்தார். மெர்சி, மெர்சி என்று நாங்கள் அவருக்கு நன்றி சொன்னோம். மகள் என் பக்கத்தில்தான் நின்றாள். பெண்பிள்ளை தூக்குவதா என்று யாரும் தடுக்கவில்லை. தடுக்கிற அளவுக்கு யாருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. எனக்கும் வரவில்லை.

"ஏன் மகள் சொல்லேல்லை?" என்றார் கணவர்.

"ஒருத்தரும் கேக்கேல்லை." ஐஸ் பையை இறக்கிவிட்டு, "அந்தத் தாத்தாட பக்கம் பெட்டி சரிஞ்சது அப்பா. நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். நான் பிடிச்சிருந்தால் சரிய விட்டிருக்க மாட்டன்" என்றாள்.

அவர் தெப்பனர் எனப்படும் ஒரு மூலைக்கடை வாசலில் வாகனத்தை நிறுத்தினார். இறங்கவில்லை. "ஓம் மகள்" என்றார். "விட்டிருக்க மாட்டாய். நான்தான் உன்னைக் கூப்பிட்டிருக்க வேணும்." ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். நானும் அழுதேன். பெரியப்பாவைத் தூக்கக்கூடிய கை வீட்டிலேயே இருக்க, முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் அந்தக் கைப்பிடியைக் கொடுத்துவிட்டோமே என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.