மாமாவின் பெல்ஜியம்

நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மாற்ற முடியாத சட்டம். அப்பா, அம்மா, மாமா என்று மூன்று பேர் பெண் பார்க்கக் கிளம்பியதால்தான் ஒன்பது வயதுக்காரியான எனக்கு நாலாவது ஆளாக டாக்ஸியில் இடம் கிடைத்தது. கன்னத்தில் ‘தனக்கா’ என்ற பர்மிய மரப்பட்டைச் சாந்து பூசி, பட்டுப் பாவாடை கட்டிவிட்டு, அங்கே வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா எச்சரித்தாள். நானும் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்வதில் எனக்கு என்றைக்குமே சிரமம் இருந்ததில்லை.

மாமா, அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல்காரனுக்குப் பெண் கொடுக்க ரங்கூன் தமிழர்களுக்கு அப்போதெல்லாம் தயக்கம். துறைமுகத்துக்குத் துறைமுகம் ஒரு வீடு வைத்திருப்பான் என்ற பயம்தான். இரண்டு இடங்களில் ஜாதகம் பொருந்தியும் கப்பல் பொருந்தாமல் சம்பந்தம் கைவிட்டுப் போயிருந்தது. மாமாவுக்கோ முன்நெற்றி ஏறத் தொடங்கிவிட்டது. இதுவும் தட்டிப்போனால் தன் தம்பி கடைசிவரை ஒண்டிக்கட்டைதான் என்று அம்மா அப்பாவிடம் அழுதது அடுத்த அறையில் இருந்த எனக்கும் கேட்டது.

அந்த முறை விடுப்பில் வந்திருந்த மாமாவிடம் சாமான் குறைவு, பெல்ஜியம்தான் அதிகம். அவருடைய கப்பல் பழுதாகி அந்த நாட்டின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் பல வாரங்கள் நின்றிருந்தது. ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் அவர் அந்த நாட்டை எனக்குப் பரப்பிக் காட்டுவார். நடுவில் சோற்றுக் குண்டான், அது தலைநகர் பிரஸல்ஸ். அதற்கு மேலே உப்பு ஜாடி, ஆன்ட்வெர்ப். கடலைவிட்டு உள்ளே தள்ளி ஆற்றங்கரையில் இருக்கும் துறைமுகம், நம் ரங்கூனைப் போலவே. இடப்பக்கம் மீன்சாறு பாட்டில் கெண்ட். நகரத்துக்கு நடுவிலேயே கல் கோட்டை. இன்னும் தள்ளி மேசை ஓரத்தில் ஊறுகாய் பாட்டில் ப்ரூஜ். ரங்கூனுக்குப் பக்கத்திலிருக்கும் த்வாண்டே கால்வாயைக் கொண்டுபோய் ஊருக்குள் விட்டு, இரு கரையிலும் செங்கல் வீடுகளை நெருக்கி அடுக்கினால் அதுதான் ப்ரூஜ் என்பார். அங்கே பெரிய மணிக்கோபுரம் ஒன்று உண்டு.

பிரஸல்ஸில் ஒரு தெருமுனையில் ஒன்றுக்கு இருந்துகொண்டே நிற்கும் குட்டிப் பையன் சிலை இருக்கிறதாம். விசேஷ நாள்களில் அதற்குச் சட்டை போட்டு அழகு பார்ப்பார்களாம். உருளைக்கிழங்கை அந்த ஊரில் இரண்டு தடவை எண்ணெயில் போடுவார்கள். வடக்கே டச்சு, தெற்கே பிரெஞ்சு, கிழக்கு ஓரத்தில் கொஞ்சம் ஜெர்மன் பேசுவார்கள். வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம் என்று வளர்ந்த எனக்கு இதில் அதிசயம் எதுவும் தெரியவில்லை. ஆக, பெண் வீடு இருந்த தின்கன்ஜூன் பேட்டைக்குப் போய் இறங்கியபோது பெல்ஜியத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். பர்மிய வழக்கப்படி தெருவே அவரை ‘சயா’ என்றுதான் கூப்பிடும். நம் கெட்ட நேரம், பூகோள வாத்தியார். கேசரியும், பர்மாவில் விருந்தாளிக்கு வைக்கும் ஊறவைத்த தேயிலைக் கலவையும் வந்த உடனே கேள்வியை ஆரம்பித்துவிட்டார்.

“தம்பி எந்தெந்த ஊரெல்லாம் பாத்திருக்கீங்க?”

மாமா தொண்டையைச் செருமினார். துண்டால் நெற்றியைத் துடைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கேசரித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, குண்டானும் ஊறுகாயும் இல்லாமலேயே பெல்ஜியத்தை முழுதாக விரித்தேன். அம்மா கிள்ளிய இடம் சிவந்துகொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை. கதவுத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. திரை கொஞ்சம் விலகி, தேநீர் கொண்டுவர வேண்டிய பெண், தட்டை ஏந்திக்கொண்டு வெளியே வர மறந்து அங்கேயே நின்றாள்.

“அந்தக் கோபுரத்து மேல ஏற விடுவாங்களா?” என்று கேட்டாள்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் கேள்வி கேட்டது எல்லாருக்கும் திடுக்கென்றது. “விடுவாங்க” என்றேன் நான். அவள் தேநீரை வைத்துவிட்டு, மாமாவை நிமிர்ந்து நன்றாகவே பார்த்தாள். சற்று நேரத்தில் அவளுடைய அம்மா வந்து, “புள்ளைக்குப் புடிச்சிருக்காம். எந்த மாப்பிள்ளைக்கும் சரின்னு சொல்லாதவ சொல்லிட்டா” என்று தாழ்ந்த குரலில் சயாவிடம் சொன்னதும் எங்களுக்குக் கேட்டது.

சயாவின் முகம் மட்டும் தெளியவில்லை. “ஊர் ஊராச் சுத்தியிருக்கீங்க போலிருக்கே” என்றார் மாமாவிடம். அந்தக் குரல் அம்மாவுக்குப் பழக்கம். முந்தைய இரண்டு வீடுகளிலும் கேட்டதுதான். அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுற்றினார் என்பது தவறான தகவல். அதுவும் ஒரு வாத்தியாருக்கு.

“சுத்தவே இல்ல சயா. மாமா கப்பல விட்டு எறங்கவே இல்ல. தொறைமுகத்துக் காவல்காரத் தாத்தா தெனம் மீன் கொழம்பு சாப்புட வருவாரு. அவரு சொன்னதுதான் எல்லாம்.”

மாமா தரையைப் பார்த்தார். அப்பா தேநீரை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“அத்தனை வாரமும் கப்பல்லயேவா?” என்றார் சயா.

“சின்னப் பசங்க ஊர் பாக்கணும்னு கெஞ்சுவாங்க” என்றார் மாமா மெதுவாக. “கரைக்கு எறங்கற என் முறைய அவங்களுக்குக் குடுத்துடுவேன். யாராவது ஒருத்தர் சமைக்கணுமே.”

சயா சிரித்த சிரிப்பில் அவர் மடியிலிருந்த விசிறி கீழே விழுந்தது. “பெல்ஜியமே வாசல்ல வந்து நின்னும் படி எறங்காத புள்ள! இவருக்கு இல்லாம யாருக்குக் குடுக்கறது?” என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இனிமேல் கப்பலுக்கும் போவதில்லை, பசுந்தாங்கிலேயே சாப்பாட்டுக் கடை வைத்துவிடுகிறேன் என்று மாமா உற்சாகத்தில் வாக்குக் கொடுத்தார். அம்மா அழுதாள், இந்தத் தடவை சந்தோஷத்தில். என் தலையை ஆளாளுக்குத் தடவினார்கள். ஒரு கல்யாணத்தைத் தனி ஆளாக முடித்து வைத்தவளின் பெருமையோடு மிச்சக் கேசரியை வழித்துச் சாப்பிட்டேன்.

பெரியவர்கள் பஞ்சாங்கத்தைப் பிரித்தபோது, என் அத்தையாகப் போகிறவள் என்னைக் கை கழுவ அடுக்களைக்குக் கூட்டிப்போனாள். குழாயைத் திறந்துவிட்டு என் பக்கத்தில் குனிந்தாள்.

“நெசமாவே எறங்கலையாம்மா? ஒரு நாள்கூட?”

“ஒரு நாள்கூட இல்ல.”

“இனிமேயாவது போவாரா? கூட ஆளக் கூட்டிக்கிட்டு?”

“மாட்டாரு. இங்கயே கடை. இனிமே எங்கயுமே போக மாட்டாரு.”

என் கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. அவள் கழுவிக்கொண்டே இருந்தாள். கூடத்தில் எல்லாரையும் அவ்வளவு சந்தோஷப்படுத்திய செய்தி இவளுக்குத் தண்ணீர்ச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை போலும் என்று நினைத்து, அதையே இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொன்னேன்.