விரதத்தில் ஒளிந்த கன்னியப்பன்

காவாந்தண்டலத்துக் கன்னியப்பனுக்கு அறுபது நெருங்கியபோது உடம்பில் ஒவ்வொன்றாய்ப் பேச்சு கேட்க மறுத்தது. தலை நரைத்தது, கண் மங்கியது. அதையெல்லாம் அவர் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இடுப்புக்குக் கீழே நடந்ததுதான் அவரை ஆட்டிவைத்தது. வேலியோரம் ஒதுங்கினால் சொட்டுச் சொட்டாய் வந்தது. அவருக்குப் பின்னால் வந்த இளவட்டங்கள் போன பிறகும் நின்றுகொண்டே இருப்பார். விதைப்பை முன்னைவிடத் தொங்கிப்போனது. முன்பு விடியற்காலையில் சொல்லாமலே எழுந்துகொண்டிருந்த உறுப்பு இப்போது கெஞ்சினாலும் எழுவதில்லை.

மனிதர் இதை யாரிடம் போய்ச் சொல்வார்? ஏரிக்கரை உடைந்தபோது முதல் ஆளாய்த் தண்ணீரில் குதித்தவர் என்று ஊரில் பேர் வாங்கியவர்.

மனைவி கனகாவிடம் ஒரு நாள் முயன்று தோற்றுப்போனார். அவள் திரும்பிப் படுத்தாள். நாள் முழுக்க நாற்று நட்ட களைப்பு அவளுக்கு. இவரோ ஏமாற்றத்தில்தான் திரும்பினாள் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சம். ஒரே பெண் பழையசீவரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது இரண்டே பேர், ஒளிய இடமில்லை.

அந்தச் சமயம் பார்த்துப் புரட்டாசி வந்தது. ஊரில் பாதிப் பேர் பெருமாளுக்கு விரதம் இருக்கிற மாதம். கன்னியப்பனும் துளசிமாலை போட்டு, நாமம் இட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். விரதக்காரர் பெண்சாதியோடு படுக்கக் கூடாதல்லவா? அவருக்கு ரொம்பவும் சௌகரியமாகப் போயிற்று.

புரட்டாசி முடிந்தது, மாலை இறங்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை என்று இழுத்துக்கொண்டே போனார். ஊரார் அவரைச் ‘சாமி’ என்று கும்பிட ஆரம்பித்தார்கள்.

கனகா விரதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாள். தலைக்குக் குளித்துத் தனி அடுப்பில் பொங்கினாள். தன் கை பட்டால் தீட்டு என்று சொம்பைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தாள். முன்பெல்லாம் கழனியிலிருந்து வந்தால் அவருடைய பித்தவெடிப்பில் விளக்கெண்ணெய் தடவுவாள். வெற்றிலையை மடித்துக் கையில் திணிப்பாள். தோளில் ஒட்டிய வைக்கோலை எடுத்தெறிவாள். அதையெல்லாம் அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. இப்போது அவள் விலகிப் போகும்போது, புடவைத் தலைப்பாவது காலில் படாதா என்று ஏங்கினார். பசுவின் கழுத்தை அவள் தடவிக்கொடுப்பதைப் பார்த்தால் அவருக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது.

மாசியில் நீர் அடைத்துக்கொண்டது. வலி பொறுக்காமல் வண்டி கட்டி உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் குழாய் போட்டு நீரை இறக்கினார். தலையைக் குனிந்தபடி கன்னியப்பன் மற்றதையும் கேட்டுவிட்டார்.

“மூத்திரப்பைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்கு. வயசானா அது பெருத்து வழிய நெருக்கும். மறுபடி அடைச்சா ஆபரேஷன் பண்ணலாம். மத்ததெல்லாம் வயசோட தளரும், மெதுவாகும். எனக்குந்தான்” என்றார் டாக்டர். “தலை நரைச்சதுக்கு வெக்கப்பட்டீங்களா பெரியவரே?”

மறுநாள் மத்தியானம் வீடு திரும்பியபோது கனகா வாசலில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கன்னியப்பன் மாலையைக் கழற்றி மாடத்தில் வைத்தார். அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

“சாமிக்கு இல்ல கனகா. வெக்கத்துக்குப் போட்ட மால.”

அவள் காம்பு கிள்ளுவதை நிறுத்தினாள். “எனுக்கு மாசாமாசம் வர தூரம் நின்னு எத்தினி வருசம் ஆவுது. ஒடம்பும் தளந்துபோச்சி. அதான் என்னப் புடிக்காம, சாமியச் சாக்கு வச்சிக்கினு போறன்னு நென்ச்சேன்.”

“கேட்டிருக்கலாமே.”

“மால போட்டவங்கிட்டப் போயி இன்னான்னு கேக்கறது?” என்றவளுக்குக் கோபம் வந்தது. “எனுக்கு இன்னாய்யா வோணும்? கண்ண மூடனா நீ பக்கத்துல கீறன்னு தெரிஞ்சாப் போதும். அத்தயும் எடுத்துக்கினு பூட்டியே. இத்தினி மாசம் வீணாப் பூடுச்சி. நம்ம ரெண்டு பேருக்கும் இன்னும் எத்தினி மாசம் கீதுன்னு உனுக்குத் தெரியுமா?”

கனகா அவருடைய கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மிளகாய்க் காரம் ஏறியிருந்த அவள் விரல்கள் பட்ட இடமெல்லாம் எரிந்தது. கன்னியப்பன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.