தளிர்களுக்குத் தாலாட்டு

சின்ன அறையிலிருந்து தாலாட்டு கேட்டது. சமையலறையில் மாவு தட்டிக்கொண்டிருந்த மிர்த்தாவின் கை அப்படியே நின்றது. முப்பது வருஷத்துக்கு மேலான தாம்பத்தியத்தில் கணவரின் குரலை எத்தனையோ விதமாக அவள் கேட்டிருக்கிறாள். கால்பந்து மைதானத்தில் நடுவரை வைகிற குரல், சூப்பில் உப்பு குறைந்தால் முனகுகிற குரல். ஆனால் தாலாட்டு? மகள் யானினா தொட்டிலில் கிடந்த காலத்தில் அந்த மனுஷர் ஒரு வரி பாடியதில்லை. இப்போது பாடுகிறார். கேட்டுக்கொண்டிருப்பவை மூன்று கஞ்சா நாற்றுகள். மூன்றும் சுண்டுவிரல் உயரம்கூட இல்லை.

வில்மார் பெர்டோமோ மோன்டெவிடியோ நகரப் பேருந்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு ஆறு கஞ்சாச் செடி வைத்துக்கொள்ளலாம் என்று அந்த நாட்டில் சட்டம் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவருக்கு அந்த ஆசை வந்ததில்லை. பக்கத்தில் யாராவது சிகரெட் பற்றவைத்தாலே கண்ணில் நீர் வழிகிற ஆள் அவர். ஆசையை மூட்டிவிட்டது, ஓய்வு பெற்றவர்கள் மர உருண்டை உருட்டி விளையாடுகிற கிளப். அங்கே விளையாட்டு முடிந்ததும் எல்லாரும் போனை எடுத்துத் தத்தம் செடியின் படத்தைக் காட்டுவார்கள். பழைய டிரைவர் நெல்சனின் செடி அவன் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்த வில்மார் சாப்பிடவில்லை.

"மரம், மிர்த்தா! மரம் மாதிரி நிக்குது! என் போன்ல காட்டுறதுக்கு என்ன இருக்கு, சொல்லு?"

"பேத்தி படம் இருக்கே."

"அதை அவனுங்க ஏற்கெனவே பாத்துட்டானுங்க" என்றார்.

மறுநாள் கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போய்ச் செடி வளர்ப்பவராகத் தன் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார். யானினாவின் பழைய அறை காலியானது. கட்டில் பால்கனிக்குப் போயிற்று. சுவரெங்கும் வெள்ளித்தாள் ஒட்டினார். கூரையிலிருந்து சங்கிலியில் ஒரு விளக்கு தொங்கியது. வீட்டில் இருந்த ஒரே ஹீட்டர், சக்கரம் வைத்தது, அந்த அறைக்குள் உருண்டு போனது போனதுதான். ஜூலை அங்கே நடுக்குளிர்காலம்; மிர்த்தா ஓவர்கோட் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள்.

ஆறு விதை போட்டார். ஒன்று, வேர் விட்டதா என்று தினம் தோண்டிப் பார்த்ததில் செத்தது. இன்னொன்றுக்குத் தாகமாக இருக்குமென்று அவருக்கு அடிக்கடி தோன்றியதால் அது தண்ணீரிலேயே அழுகி, தண்டு நூலாக இளைத்துச் சாய்ந்தது. மூன்றாவது குளிரில் நடுங்குவதாக அவர் கண்ணுக்குப் பட்டது. விளக்கை இறக்கினார். சாயங்காலம் இலை அப்பளமாகக் கிடந்தது. ஒவ்வொரு சாவுக்கும் அவர் உண்மையாகவே அழுதார். ஒவ்வொரு சாவுக்கும் வேறு யாரோ காரணம். "மாடி வீட்டுக்காரி எட்டிப் பாத்தா, அவ கண்ணு சரியில்ல." "நீ பூண்டு வதக்கினே, மிர்த்தா. அந்த நெடி."

மிஞ்சிய மூன்றுக்கும் பெயர் உண்டு: பெபா, ராணி, லோலா. பெபாவும் ராணியும் பாதியாக வெட்டிக் கவிழ்த்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் வேர்த்துக்கொண்டு நின்றன. லோலா செல்லம். அதனால் அவளை மட்டும் அவசரப்பட்டு ஒரு பெரிய தொட்டிக்கு மாற்றியிருந்தார். ஒரு வாளி கறுப்பு மண்ணுக்கு நடுவே கடுகளவு பச்சை. குழந்தைகளுக்கு மருந்து விடுகிற சொட்டுக் குழாயால் தண்ணீர் விடுவார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, இலை விளிம்பைப் பார்ப்பார். "இன்னிக்கு முகம் வாடியிருக்கு. ராத்திரி நீ தும்மினியா?" என்று சமையலறையைப் பார்த்துக் கேட்பார். யானினாவுக்குச் சின்ன வயதில் மூன்று நாள் ஜுரம் அடித்தபோது, எந்தப் பிள்ளை என்று கேட்ட மனுஷர் இவர்தான்.

யானினா போன வாரம் போன் செய்தாள். அவள் வாடகைக்கு இருக்கும் அறையில் சுவர் முழுக்கப் பூஞ்சணம். நாலு மாதக் குழந்தைக்கு மூச்சு விட்டால் நெஞ்சில் விசில் அடிக்கிறது. ஈரமில்லாத, கதகதப்பான அறையில் வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "வசந்தம் வரைக்கும் அங்க வந்து இருக்கட்டுமாம்மா?" மிர்த்தா உடனே சரி என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அந்த அறையின் சாவி அவள் கையிலா இருக்கிறது? வாரம் முழுக்கக் கணவரைக் கேட்டுப் பார்த்தாள்.

"பாக்கலாம், பாக்கலாம். இது ரொம்ப முக்கியமான வாரம்."

"யாருக்கு?"

"வேர் பிடிக்கிற வாரம், கிழவி."

இன்று மழை. மழை பெய்தால் அந்த ஊரில் மாவைத் தட்டிப் பொரிக்காத வீடு கிடையாது. சூடாக நாலு பொரித்துப் போட்டால் மனுஷர் மனம் இளகுவார் என்று மிர்த்தா கணக்குப் போட்டிருந்தாள். அழைப்பு மணி அடித்தது. தாலாட்டு நின்றது.

யானினா நனைந்து நின்றாள். மார்போடு போர்வையில் குழந்தை.

"செருப்பைக் கழட்டு. குடை வெளியிலயே இருக்கட்டும். கையில இதைத் தேச்சுக்கோ" என்று ஸ்பிரிட் பாட்டிலை நீட்டினார் வில்மார்.

"குழந்தையைத் தூக்குறவங்கதான்பா கையைக் கழுவணும்."

"குழந்தையை யார் இப்ப தூக்குறா? நீ உள்ள வரப்போறே இல்ல, அதுக்குச் சொன்னேன்." குரலைத் தணித்தார். "மெதுவாப் பேசு. இப்பதான் அடங்கியிருக்குதுங்க. ரொமினா தூங்குறாளா?"

"அவ பேரு ரெனாத்தா, அப்பா."

"அதான், அதான்."

அறைக்குள் நல்ல கதகதப்பு. வந்த நிமிஷமே குழந்தையின் மூச்சிரைப்பு கொஞ்சம் தணிந்தது. இலைத்தூளில் வெந்நீர் ஊற்றிக் குழலால் குடிக்கிற மாத்தே குடுவையோடு யானினா ஸ்டூலில் உட்கார்ந்து உறிஞ்சினாள். பெபாவுக்குப் போன செவ்வாய் எப்படி இருந்தது, புதனன்று எப்படித் தேறினாள் என்று அவர் விவரித்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"அப்பா, சுத்தி வளைக்காமக் கேக்குறேன். வசந்தம் வர்ற வரைக்கும் இந்த ரூமை எங்களுக்குக் குடுப்பியா?"

"வசந்தத்துல தாராளமா வாயேன்! அப்ப இதுங்களை பால்கனிக்கு மாத்திடுவேன்."

"வசந்தத்துல எனக்கு எதுக்குப்பா ஹீட்டர் இருக்குற ரூமு?"

மிர்த்தா வாசற்படியில் தட்டோடு நின்றாள். "கிழவா, அதுங்களை ஹால்ல வெச்சா என்ன கெட்டுப் போச்சு?"

"ஹால்லயா? அந்த ஈரத்துலயா? பச்சப் புள்ளைங்க தாங்குமா, மிர்த்தா? உனக்கு மனசாட்சி இருக்கா?"

அதைச் சொல்லிவிட்டு, ராணிக்குத் தண்ணீர் நேரம் என்று சொட்டுக் குழாயைத் தேடிக் குளியலறைக்குப் போனார்.

மாத்தே குடித்து முடித்தால் அந்த நாட்டில் யாரும் சக்கையைக் குப்பையில் போடுவதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் எந்தத் தொட்டி இருக்கிறதோ அதில் கவிழ்ப்பார்கள், செடிக்கு நல்லது என்று. யானினாவின் மனம் வேறெங்கோ இருந்தது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் குடுவை. பக்கத்தில் கறுப்பு மண் நிரம்பிய பெரிய தொட்டி. குடுவையைக் கவிழ்த்து, விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

உள்ளே வந்த வில்மார் பார்த்தார். அப்படியொரு அலறலை அந்தக் கட்டடம் கேட்டிருக்காது.

"கொன்னுட்டியேடி! லோலாவைக் கொன்னுட்டியே!"

"ஐயோ அப்பா, காலித் தொட்டின்னு நெனச்சேன்..."

"காலியா? காலியா?" தொட்டி முன் மண்டியிட்டார். சட்டைப் பையிலிருந்து புருவம் பிடுங்குகிற இடுக்கியை எடுத்து, ஈரச் சக்கையைத் துணுக்குத் துணுக்காகப் பொறுக்கினார். கண்ணீர் மீசையில் இறங்கியது. அலறலில் விழித்த குழந்தை அழுது, அழுகை இருமலாகி, இருமல் விசிலானது. நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வந்தது.

வில்மார் இரண்டு கைகளையும் விரித்துத் தொட்டிகளை மறைத்தார். "அந்தப் பக்கம் திருப்பு! இருமல் இதுங்க மேல படுது!"

யானினா தகப்பனைப் பார்த்தாள். பிறகு கிளம்புவதற்காக ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்தாள். அவர் சொன்னது அவர் காதிலேயே ஒருமுறை விழும் என்று மிர்த்தா காத்திருந்தாள். அவரோ சக்கைக்கு அடியிலிருந்து வளைந்து வெளிப்பட்ட பச்சை நிமிருமா என்று காத்திருந்தார்.

மிர்த்தா தட்டைக் கீழே வைத்தாள். குனிந்து ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஏய் கிழவி, என்ன பண்றே?"

"இது யானினா வீட்டுக்குப் போகுது."

"பைத்தியமா உனக்கு? இன்னிக்கு ராத்திரி எப்படிக் குளிரப் போகுது தெரியுமா? இதுங்க செத்துப் போகும்!"

"என் பேத்தி?"

வில்மார் அன்றைக்கு முதல் தடவையாகக் குழந்தையைப் பார்த்தார். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தைப் புறங்கையால் தொட்டார். "சில்லுன்னு இருக்கே" என்றார். யானினாவின் கை ஜிப்பில் அப்படியே நின்றது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பாத்துப் போங்க" என்றார்.

ஹீட்டரைத் தள்ளிக்கொண்டு, மகளைப் பஸ் ஏற்றிவிட மிர்த்தாவும் வெளியே வந்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. லிப்ட் கீழே எங்கோ முனகியது. யானினா போர்வையைக் குழந்தையின் கால் வரை இழுத்துவிட்டாள். வராந்தா இருட்டில் கதவுக்கு அடியிலிருந்து மட்டும் ஒரு மஞ்சள் வெளிச்சக் கோடு விழுந்தது. மிர்த்தா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு ஒரு ஓரத்திலிருந்து மறையத் தொடங்கியது. சாம்பல் நிறக் கம்பளி ஒன்றை உள்ளேயிருந்து யாரோ விரல்களால் திணித்துத் திணித்து, குளிர் புக இடுக்கில்லாமல் அடைத்துக்கொண்டே வந்தார்கள். மறு ஓரமும் இருண்டது. பிறகு அந்தக் கம்பளியை உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.