பரணில் கிடந்த மாமனார் படம்

மூத்த பேத்தி டாக்டர். பேரன் பேங்க் ஆபீசர். சின்னவள் கபடியில் மாநில அளவில் ஆடுகிறாள். இன்று தேனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு உத்தமபாளையத்து அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

என் ஊரைக் கேட்டதும் அவர் திரும்பினார்.

“வெள்ளைக்காரன எதுத்துக் கூட்டம் சேத்தாகளே, அந்தப் பெரியவுக உங்க ஊருதானக்கா? என்னப் பெத்த அத்தா அவுக கூடத்தான் ஜெயில்ல இருந்தாக. வீடு எங்கன இருக்கு? படமாச்சும் பாக்கணும்.”

அவர் என் மாமனார்.

“தெரியலையே தாயி” என்றேன்.

‘சிறை மீண்ட நாள்’ என்று அடியில் எழுதிய அவர் படத்தை, மகளைப் பெண் பார்க்க வந்த அன்று நான்தான் கழற்றிப் பரணில் போட்டேன். ஜெயிலுக்குப் போன குடும்பம் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துவிடுவார்களே என்ற பயம். பிறகு மாட்டவே இல்லை.

“உள்ளூர்க்காரவுகளுக்கே தெரியலையா?” என்று அந்த அம்மா வருந்தினார்.

வந்ததும் படத்தை இறக்கித் துடைத்தேன். திட்டுகிறவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே திட்டுங்கள், தகும். பேராண்டி, என் பேஸ்புக் முகப்பில் பட்டுச்சேலையில் நான் நிற்கும் படத்தை எடுத்துவிட்டு இதைப் போடு.